ரேலீனை இரவல் எடுத்த கதை

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமையைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று, ஆஸ்திரேலியாவில் அந்தக் காலம் பிறக்கிற மார்ச் முதல் தேதி காலையில் சபதம் செய்தேன். பல் துலக்கிக்கொண்டே செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் என் மனைவி ரேலீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் கற்ற பாடம் இது. மனைவிக்கு விளங்குகிற மாதிரி சபதம் செய்கிறவன், சாயங்காலத்துக்குள் அதை வாபஸ் வாங்கிவிடுவான்.

சனிக்கிழமை என்றால் எங்கள் ஊர் கூரம்பாவில் ஃபுட்டி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து. மதியம் இரண்டு மணிக்கு மைதானத்தில் சங்கு ஊதும். எங்கள் அணிக்குக் கூழைக்கடாக்கள் என்று பெயர். போன வருடம் பதினெட்டு ஆட்டத்தில் பதினாறு தோற்றார்கள். மிச்சம் இரண்டில் எதிரணியின் பஸ் வழியில் பழுதாகிவிட்டது. அதனால் என்ன? கையில் சுடச்சுட இறைச்சி அடைத்த ஒரு மீட் பை, முகத்தில் கடல் காற்று, பக்கத்தில் நம்மைவிட உரக்கத் திட்டுகிற நாலு சிநேகிதர்கள். அறுபத்து நாலு வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் எங்கள் ஊர் நூலகம் மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. போன இலையுதிர் காலம் முழுக்க நான் அந்த நூலகத்து ஜன்னல் வழியாகத்தான் ஆட்டம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மண்புழு வளர்க்கக் கற்றேன்.

சபதத்தை முடித்து, வாயைக் கொப்பளித்து, சமையலறைக்கு வந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஊதா நிறத்தில் ஒரு தாள். 'நூலகத்தின் இலையுதிர் கால நிகழ்ச்சிகள்.' ஏப்ரல், மே என்று எட்டு சனிக்கிழமைகள். எட்டிலும் சிவப்பு மையில் வட்டம்.

"பாத்தியா நெவ்? இந்த வருஷம் அமர்க்களம்!" என்றாள் ரேலீன். "பூண்டு நடச் சொல்லித் தர்றாங்க. விதை மாத்திக்கிற நாள் இருக்கு. ஜாம் போடறது இருக்கு."

"எனக்குப் பூண்டு ஒத்துக்காது, ரேல்."

"நடத்தானே சொன்னேன்? திங்கவா சொன்னேன்?"

"குனிஞ்சா முட்டி வலிக்குது."

"அதுக்கும் ஒரு நாள் இருக்கு. பழுது பாக்கற நாளாம். வீட்டுல ஓடாமக் கிடக்கற சாமான் எதை வேணா கொண்டாரலாமாம். உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"சனிக்கிழமை தவிர வேற நாள்ல ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கே. செவ்வாய்க்கிழமை காலைல, மூணு வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்குப் பாட்டு. போறியா?"

அவள் குளிக்கப் போனதும் தாளை எடுத்து, தப்பிக்க வழி உண்டா என்று வரிக்கு வரி படித்தேன். கடைசியில் கண்ணில் பட்டது. 'மனித நூல்கள்: எட்டு சனிக்கிழமைகளிலும் இரண்டு மணி முதல் நாலரை வரை. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரை மணி நேரம் இரவல் எடுங்கள். அவர் எதிரே உட்கார்ந்து தம் கதையைச் சொல்வார். நூலாக இருக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்.'

எனக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது. நூலாக உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை பூண்டு நட முடியாது. புருஷன் எங்கே போனான் என்று தேடவும் முடியாது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பெயர், ரேலீன் டக்வெல். நூலின் தலைப்பு, 'ஒரே கணவன், முப்பத்தெட்டு ஆண்டுகள்.' சிறு குறிப்பு, 'விறுவிறுப்பானது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.' அதில் பொய் ஒன்றும் இல்லை. கீழே அவள் கையெழுத்தையும் போட்டு, திரும்பி வரும் புத்தகங்களைப் போடுகிற பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"நெவ்! நூலகத்துல தாம்சின் பேசினா. என்னை நூலாப் போடறாங்களாம்."

"அடடே! நீ எப்ப விண்ணப்பம் குடுத்தே?"

"நான் எங்க குடுத்தேன்? யாரோ என் பேர்ல குடுத்திருக்காங்க."

"உன் அருமை தெரிஞ்சவங்களும் ஊர்ல இருக்கத்தான் செய்யறாங்க."

"ரேலீன்ல ஒரு எழுத்தை விட்டுட்டாங்களாம்."

"அவசரமா இருந்திருக்கும். பாவம்."

ரேலீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பாட்டுக்கு அங்க போயி உக்காந்துட்டா, சனிக்கிழமை நீ தனியா என்ன பண்ணுவே?"

"என்னை விடு, ரேல். எப்படியோ பொழுதை ஓட்டிக்கறேன்," என்றேன். குரல் தழுதழுத்தது. சந்தோஷத்தில்தான்.

முதல் சனிக்கிழமை சொர்க்கம். அவளை நூலக வாசலில் இறக்கிவிட்டு ரோட்டைத் தாண்டினேன். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் நாற்பது புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். கூழைக்கடாக்களுக்கு அது வெற்றி மாதிரி. இடைவேளையில் மீட் பை வாங்கக் கேன்டீனுக்குப் போனேன். அங்கே விற்பனைக்கு நிற்கிற டல்சி என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன டல்சி?"

"குளியலறைல சிலந்தி வந்தா வாஷிங் மெஷின் மேல ஏறி நின்னுக்குவியாமே நெவ்! ரேலீன் வந்துதான் இறக்கி விடணுமாமே!"

"யாரு சொன்னா?"

"இப்பத்தான் உன் பொண்டாட்டியை அரை மணி இரவல் எடுத்துட்டு வர்றேன். அருமையான நூல்ப்பா! கீழ வெக்கவே மனசு வரல. மீனைப் பத்தி இன்னொரு அத்தியாயம் இருக்காம். அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க."

வாங்கிய மீட் பையைக் கீழே வைத்தேன்.

அந்த மீனைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். ஃபுட்டி கிளப்பின் சுவரில் ஒரு போட்டோ தொங்குகிறது. ஏழு கிலோ சங்கரா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். 2011 ஈஸ்டர் மீன்பிடிப் போட்டியின் கோப்பை எனக்கு. கிளப் தலைவர் ராஸ் அன்று விடியற்காலை நாலு மணிக்குப் படகில் போய் ஐந்து கிலோ மீன் பிடித்து இரண்டாவதாக வந்தார். இன்றைக்கும் அந்தப் போட்டோவைத் தாண்டும்போது பெருமூச்சு விடுவார். என் மீனை ஈஸ்டர் விருந்துக்காக ரேலீன் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி வந்திருந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு மணி நேரம் இரவல் எடுத்தேன். அவ்வளவுதான். கோப்பையோடு வந்து, சுட்டுச் சாப்பிட்டுவிட்டோம்.

இது வெளியே தெரிந்தால் கிளப்பில் என் பெயரை அடித்துவிடுவார்கள். சனிக்கிழமை மட்டுமல்ல, ஃபுட்டியே போய்விடும். மீட் பையை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

நூலகர் தாம்சின் சின்னப் பெண். எதற்கும் சிரிப்பாள்.

"தாம்சின், அந்த ரேலீன் நூலைத் திரும்ப எடுத்துக்கணும்."

"ஏன் நெவ்? கிழிஞ்சுடுச்சா?"

"அதுல... பிழை நிறைய இருக்கு."

"பிழைக்காக எல்லாம் நூலை எடுக்க மாட்டோம். அஞ்சு வருஷம் யாரும் தொடலைன்னாதான் எடுப்போம்."

அஞ்சு வருஷம்! நான் அஞ்சு நாள் தாங்க மாட்டேன். அப்போதுதான் என் மூளை இரண்டாவது முறையாக வேலை செய்தது. அது எப்போதும் செய்கிற தப்பு.

"முன்பதிவு பண்ணலாமா?"

"தாராளமா."

"ஒரு நாளைக்கு அஞ்சு அரை மணி. பாக்கி ஏழு சனிக்கிழமை. முப்பத்தஞ்சும் எனக்கு."

தாம்சின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "கட்டின பொண்டாட்டிக்கேவா நூல் விடறீங்க? எவ்வளவு அழகா இருக்கு!" என்று என் நூலக அட்டையை வாங்கிப் பதிவு செய்தாள். கடைசிப் பதிவை முடித்த பிறகு சொன்னாள். "ஒண்ணு மட்டும், நெவ். நீங்களே நேர்ல வரணும். பத்து நிமிஷம் தாமதமானா வரிசைல அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

வரிசையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணி. எதிரே சங்கு ஊதுகிறது. நான் என் மனைவிக்கு முன்னால் ஒரு சின்ன மேஜையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவள் சட்டையில் 'நூல் எண் நான்கு' என்று சீட்டு.

"சொல்லுங்க வாசகரே, என்ன கேக்கணும்?" என்றாள் ரேலீன்.

"ஊர் முழுக்க என்னைப் பத்தி என்ன சொல்லித் தொலைச்சே?"

"ஊருக்கா? அன்னிக்கு வந்தது டல்சி ஒருத்திதான். அவளும் கழிவறை எங்கேன்னு கேக்க வந்தவ. பாவம் சும்மா உக்காந்திருக்கேனேன்னு அரை மணி பேசிட்டுப் போனா. அப்புறம் ஒரு ஈ காக்கா வரலை. இந்த வாரம் பேரைத் திரும்ப வாங்கிக்கலாம்னு இருந்தேன். நீதான் மொத்தமா எடுத்துட்டியே!"

எழுந்து ஓடலாம் என்று திரும்பினேன். கதவருகே நாற்காலிகளில் ஆறு பேர். முதல் நாற்காலியில் ராஸ்.

"இவங்கல்லாம் எதுக்கு?" என்று தாம்சினிடம் கிசுகிசுத்தேன்.

"ரேலீனுக்குத்தான். முப்பத்தஞ்சு தடவையும் ஒருத்தரே எடுத்துட்டார்னா அந்த நூல்ல ஏதோ இருக்குன்னு ஊரே பேசுது. நீங்க வராமப் போனா அவங்களுக்குக் கிடைக்கும் இல்லையா?"

உட்கார்ந்தேன்.

ஏழு வாரம் உட்கார்ந்தேன். மேட்ச் சத்தம் வரும்போதெல்லாம் ராஸ் ஒரு காதை ஜன்னலுக்கும் ஒரு காதை எங்களுக்கும் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார். கிளப் தலைவரே மேட்சை விட்டுவிட்டு வருகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரேலீன் வேண்டுமென்றே நடுநடுவே "அந்த ஈஸ்டர்ல..." என்று குரலை உயர்த்துவாள். நான் "மெதுவா, மெதுவா" என்று தேநீர் வாங்கி வந்து கொடுப்பேன். கேக் வாங்கிக் கொடுப்பேன். கடைசியில் அவள் நாற்காலிக்கு மெத்தைகூடக் கொண்டுவந்து போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். நாலாவது வாரம் நான் மேட்ச் சத்தத்தை மறந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரியாக நியூசிலாந்து வரை போய்வந்த கதையைச் சொன்னாள். புயலில் சூப்புப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

"ஏன் ரேல் என்கிட்ட சொல்லலை?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் நீ ஸ்கோர் கேட்டுட்டு இருந்தே."

முப்பத்தெட்டு வருடம் வீட்டிலேயே இருந்த நூல். நடுவில் பல பக்கங்களை நான் பிரித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஃபுட்டி ஃபுட்டிதான். கடைசிச் சனிக்கிழமை வரட்டும், நாலரை மணிக்கு நான் சுதந்திர மனிதன் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜூன் முதல் வாரம் சொந்த மைதானத்தில் மேட்ச். ஆகஸ்ட் வரை சீசன் கிடக்கிறது.

எட்டாவது சனிக்கிழமை நாலரை மணிக்குத் தாம்சின் மணி அடித்தாள். "எல்லாரும் ஒரு நிமிஷம்! எந்த நூலுக்கு முன்பதிவு அதிகமோ அதை நாங்க கூடுதலா வெச்சுக்கறது வழக்கம். ரேலீனுக்கு முப்பத்தஞ்சு! இந்த நூலகத்துல இதுவரைக்கும் எந்த நூலுக்கும் இவ்வளவு வந்ததில்லை. அதனால அவங்களைக் குளிர்கால நிகழ்ச்சியிலயும் வெச்சுக்கறோம். ஆகஸ்ட் கடைசி வரைக்கும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ராஸ் எழுந்து நின்று தட்டினார்.

"ரேல்," என்றேன், "போதும்மா. உனக்கு அலுப்பா இருக்கும். மாட்டேன்னு சொல்லிடு."

"எனக்கென்ன அலுப்பு? உக்காந்து பேசறதுதானே. உன்னைப் பாத்தாதான் பாவமா இருக்கு. ஏழு வாரமா ஒரு மேட்ச்கூடப் பாக்கலை. அடுத்த வாரத்துல இருந்து நீ தாராளமாப் போ நெவ். நான் ராஸ்கிட்ட பேசிட்டு இருக்கேன்."

"எதைப் பத்தி?"

"அவருக்கு மீன் பிடிக்கறதுன்னா உயிராமே. ஏதாவது கிடைக்காமலா போகும்?"

ராஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். நான் பாய்ந்து போய்த் தாம்சினிடம் அட்டையை நீட்டினேன்.

"எத்தனை பதிவு போடட்டும், நெவ்?"

"எத்தனை இருக்கோ அத்தனையும்," என்றேன்.