உன் அக்காவின் கணுக்காலை நான் படித்த விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன், குழாய் வேலையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஓய்வுபெற்றவன், முறைப்படி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் அதை நீங்கள் உரக்கப் படித்து என் மனைவியைச் சிரிக்க வைப்பீர்கள். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். அவள் உங்கள் வீட்டுக்கு வந்து ஆறு நாட்களாகின்றன. அவளை ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம். மற்றதெல்லாம் விளக்கம். விளக்கம் கொஞ்சம் நீளும்; நடுவில் எழுந்து போகக் கூடாது.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்தது அவள் சொன்னது மட்டும். பள்ளிச் சீருடைத் துணி மூட்டையை இரண்டு கைகளாலும் அணைத்தபடி துணிக்கடைப் படியில் இறங்கியவள், இன்னும் ஒரு படி இருப்பது தெரியாமல் தரை என்று நினைத்துக் காலை வைத்தாள். வலது பாதம் உள்பக்கமாக மடிந்தது. மூட்டையை மட்டும் கீழே போடவில்லை. வீங்கியது, ஐஸ் வைத்தோம், வற்றியது. ஆனால் ஒரு மாதமாகியும் தையல் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் வெளிக்கணுவில் சுருக்கென்றது. மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "எங்க நிறுத்தணும்னு என் காலுக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது" என்பாள். எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க. எலும்புகளைக் கட்டியிருக்கிற நார் முழுசா அறுந்திருந்தா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் ஒருவன்தான் பார்த்தேன். நீங்களோ போனில், "அத்தான், வாஷர் தேஞ்சிருக்கும், மாத்திவிடுங்க" என்று சொல்லி, உங்கள் வீட்டுச் சிரிப்பு முழுவதும் எனக்குக் கேட்கும்படி போனைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து டக்டக், கடகடவென்று ஓயாத சத்தம். கேட்டது நாற்பத்து நான்கு வருஷக் காது அல்லவா? எழுந்து போய் மிஷின்காரரிடம், "தம்பி, லைன்ல காத்து அடைச்சிருக்கு. ஒரு வால்வைத் தெறந்து விட்டா நின்னுடும்" என்றேன். "ஐயா, அது காந்தம். அப்படித்தான் சத்தம் போடும்" என்றார். "ஒழுக ஆரம்பிக்கிற வரைக்கும் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றேன். அவர் என் சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். இரும்பு கொண்டுவரக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே என் தோளைப் பிடித்துத் திருப்பிப் பழைய பெஞ்சுக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட் வந்தது. வெளிக்கணுவின் முன்பக்க நார் பாதி கிழிந்து ஆறிக்கொண்டிருக்கிறது, தசைகளை எலும்போடு கட்டும் கயிறுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, மூட்டில் கொஞ்சம் நீர். எலும்பு டாக்டர், "ஆபரேஷன் வேண்டாம். பயிற்சி பண்ணுங்க, மெதுவா மிதிக்க ஆரம்பிங்க" என்றார். வேறொருவன் அதோடு விட்டிருப்பான். ஆனால் உறைக்குள் ஒரு சி.டி. இருந்தது. நான் எந்த வேலையையும் ஒருவரிடம் போய் நின்று கற்றதில்லை. கழற்றிப் பார்த்தே கற்றவன். கத்தி வைக்காமல் ஒரு காலைக் கழற்றிக் காட்டும் சி.டி. கையில் இருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பேன்? பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். நூலகத்திலிருந்து உடலமைப்புப் புத்தகம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தேன்.

முதல் நாள் எல்லாம் சாம்பல் மேகம். இரண்டாம் நாள் மேகத்துக்குள் குதிகால் தெரிந்தது. ரொட்டியைத் துண்டு போடுவது போல ஒரே காலைப் பக்கவாட்டில், முன்னிருந்து, கீழிருந்து என்று மூன்று திசையிலும் அரிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தினால் கால் தானே திறந்து தானே மூடுகிறது. மச்சான், சும்மா சொல்லக் கூடாது, என்ன வேலைப்பாடு! கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேர்ந்து ஸ்பேனர் வாய் மாதிரி நடு எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. உள்கணுவின் பின்னால் மூன்று கயிறுகளும், ரத்தக்குழாய்களும், ஒரு நரம்பும் ஒரே பட்டைக்கு அடியில் நுழைந்து, ஒன்றை ஒன்று உரசாமல் திரும்பிப் பாதத்துக்குப் போகின்றன. நான் ஒரு சமையலறைச் சுவருக்குள் இரண்டு குழாய்களைத் திருப்புவதற்கே சுவரை மூன்று இடத்தில் உடைத்தவன். இந்தக் காலுக்குள் குழாய் இழுத்தவன் எதையும் உடைக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே ஒரு அதிசயம்: ஒரு வகைப் படத்தில் கொழுப்பை அணைத்துவிட்டு நீரை மட்டும் வெள்ளையாக ஒளிர விடுகிறார்கள். ஈரம் எங்கே என்று சுவர் சுவராகத் தட்டி வாழ்க்கையைக் கழித்தவன், அதைப் பார்த்ததும் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆரோக்கியமான கயிறும் நாரும் கறுப்பு. கறுப்புக்குள் வெளுப்பு தெரிந்தால் கோளாறு. இவ்வளவுதான் கணக்கு என்று நினைத்தேன். உன் அக்கா மிஷினில் காஜா தைத்துக்கொண்டே, "இன்னைக்கு என் கால்ல எது வரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்பாள். நான் விளக்குவேன். அவள் உம் கொட்டுவாள். (நீங்கள் என்று தொடங்கி நீ என்று வந்துவிட்டது. இனி அப்படியே போகட்டும், கோபமாக இருக்கும்போது பன்மை சுமையாக இருக்கிறது.)

பத்தாம் நாள் அது கண்ணில் பட்டது. வெளிக்கணு எலும்பின் பின்னால் இரண்டு கயிறுகள் ஒட்டி இறங்கி, எலும்பின் அடியில் வளைந்து முன்னால் போகின்றன. மேலே நல்ல கறுப்பு. முன்னால் போனதும் நல்ல கறுப்பு. வளைவில் மட்டும் வெளுப்பு! குழாய் எங்கே ஒழுகும், மச்சான்? வளைவில்தான் ஒழுகும். எல்போ என்கிற அந்த வளைவைச் சந்தேகப்படாதவன் குழாய்க்காரனே இல்லை. கயிறு கிழிந்திருக்கிறது, ரிப்போர்ட் எழுதியவர் தவறவிட்டுவிட்டார், மிதித்தால் முழுதும் அறுந்துவிடும் என்று முடிவு கட்டினேன். மிஷின் மேல் போர்வையைப் போர்த்தினேன். உன் அக்காவின் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தேன். "டாக்டர் மிதிக்கச் சொன்னாரே?" என்றாள். "டாக்டர் வளைவைப் பார்க்கல, நான் பார்த்தேன்" என்றேன். "அப்ப ஆபரேஷனா?" என்று கேட்டாள். நான் காலுக்கடியில் ஒரு தலையணையைச் செருகினேன். அதையே பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பதினோரு நாள் அந்த ஸ்டூலைப் பார்த்தபடியே இருந்தாள். இதை எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை. நானோ ஆஸ்பத்திரிக்கு நான்கு பக்கத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதி, கயிற்றின் வளைவை அம்புக்குறி போட்டு வரைந்து இணைத்தேன்.

மிஷினுக்குப் போர்வை போர்த்திய பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். படம் படிக்கும் டாக்டர் ஒரு பெண்மணி. ஜன்னலே இல்லாத இருட்டறை, இரண்டு பெரிய திரை, பக்கத்தில் ஆடை கட்டிப்போன காபி. சண்டைக்குத் தயாராகப் போனவனைப் பார்த்து அவர், "வாங்க ஐயா, உக்காருங்க. நீங்க பார்த்ததை எனக்குக் காட்டுங்க" என்று சுட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஒரு செய்கையில் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதியைக் கஷ்டப்பட்டுப் பிடித்துக்கொண்டேன். வளைவைக் காட்டினேன். "சரியான இடத்துக்கு வந்துட்டீங்களே! இங்க படிக்க வர்றவங்க இந்தக் கயிறைக் கண்டுபிடிக்கவே ரெண்டு மாசம் ஆகும்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனா இது கிழிசல் இல்ல" என்றார். நான் மறுபடி சாய்ந்தேன்.

"காந்தத்துக்கு ஒரு குறிப்பிட்ட சாய்வுல கயிறு படுத்தா, நல்ல கயிறுகூட இப்படி வெளுப்பாத் தெரியும். இதே இடத்தை நேரம் நீட்டி எடுத்த படத்துல பாருங்க. அதையும் சி.டி.ல கொடுத்திருக்கோமே, பார்த்தீங்களா?" என்று கேட்டார். மச்சான், பார்க்கவில்லை. அப்படி ஒரு தொகுப்பு இருந்தது. ஒரே படத்தைக் கவனக்குறைவாக இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்கள் மானத்தைக் காப்பாற்றும் பெருந்தன்மையில் நான் அதைத் திறக்கவே இல்லை. அவர் திறந்தார். அதே வளைவு, கரிக்கட்டை போலக் கறுப்பு. சுற்றிலும் ஒரு சொட்டு நீர் இல்லை. பிறகு நல்ல கால் ஒன்றைக் காட்டினார். முதல் வகைப் படத்தில் அதிலும் வளைவில் அதே வெளுப்பு. பிறகு நிஜமாகவே கிழிந்த கயிறு ஒன்றைக் காட்டினார். இரண்டு வகையிலும் வெளுத்து, நீளவாக்கில் பிளந்து, நீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் விடவில்லை. "எங்க தொழில்ல வளைவுலதான்மா ஒழுகும்" என்றேன். "உங்க தொழில்ல வளைவுல ஒழுகும் ஐயா. என் தொழில்ல வளைவுல மினுக்கும். மினுக்குறதெல்லாம் ஒழுகல்னு சொன்னா, நான் ஊர்ல பாதிப் பேருக்குக் கத்தி வச்சிருப்பேன்" என்றார். கடிதத்தோடு நான் அனுப்பிய படம் அவர் மேஜையில் இருந்தது, எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அப்படியும் வளைவாகவே இருந்தது.

பிறகு அவர் அடுத்த காலைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் போகச் சொல்லவில்லை. வலிக்கும் இடம் எது என்று தாளில் எழுதியிருக்கிறது. அங்கே அவர் போகவே இல்லை. முதலில் எல்லா எலும்பும், பிறகு மூட்டு, பிறகு வெளிநார், உள்நார், பிறகு கயிறுகள் ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ்வரை. "வலிக்கிற எடத்தை மொதல்ல பார்த்துட்டா கண்ணு அங்கயே திருப்தியாகித் தூங்கிடும் ஐயா" என்றார். முதல் ஒழுக்கை அடைத்ததும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் குழாய்க்காரர்களை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது பேரின் உடம்பை இப்படி ஒரே பொறுமையோடு படிக்கிறார். எந்த உடம்புக்காரனும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. "இந்தக் கால் தையல் மிஷின் மிதிக்கிற கால்னு படத்துலயே தெரியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதக் கூடாதுங்கிறதுதான் இந்த வேலையில பாதி" என்றார். என் தொழிலில் நான் இரண்டு பேரைத்தான் மனதுக்குள் வணங்கியிருக்கிறேன். அந்த அம்மா மூன்றாவது.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் நல்ல செய்தி என்று உற்சாகமாகச் சொன்னேன். "கயிறு கிழியல, கத்தியும் வேண்டாம். அது காந்தத்தோட சாய்வு!" அவள் காலை ஸ்டூலிலிருந்து மெதுவாக இறக்கினாள். "பதினோரு நாள்" என்றாள். "விஞ்ஞானத்துல இது சகஜம்" என்றேன். "பதினோரு நாளா, கண்ணை மூடினா கத்திதான் வந்து நின்னுச்சு. முப்பத்தாறு சட்டைக்குக் காலர் வைக்கல, பொத்தான் வைக்கல. பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது. இந்த வீட்ல இனிமே யார் காலையும் யாரும் படிக்க மாட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தாத்தான் நான் வருவேன்" என்று சொல்லி, சட்டைகளை இரண்டு பையில் அடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகு விரல். ஒரு துளி நொண்டல் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் போய்விட்டாள் என்பது உறைத்தது.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். நான் தவறு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாப் படத்தையும் பார்க்கவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சி.டி. ஆஸ்பத்திரி உறைக்குள் போய் ஒட்டப்பட்டுவிட்டது. இனி என் ஆயுளில் எவர் காலையும், கையையும், வேறு எந்தப் பாகத்தையும் படிக்க மாட்டேன். இதை அவளிடம் நிதானமாக, சிரிக்காமல் படித்துக் காட்டவும். வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் இல்லாமல் என்னால் பேப்பர்கூடப் படிக்க முடியவில்லை. இதை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, தகப்பன் வழியில் போகாமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வாக்குறுதி சம்பந்தப்பட்ட பகுதியை ரத்து செய்கிறேன். உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கையில் சட்டைகள் அடைத்த பைகள், அவற்றில் ஒன்றுக்குள் ஒரு சி.டி. நீ நாலு நாளைக்கு முன் மாடிப்படியில் கணுக்காலை மடக்கிக்கொண்டதும், ஸ்கேன் எடுத்ததும், "அத்தான்கிட்ட ஒரு தடவை காட்டு, ஆனா நான் கொடுத்தேன்னு சொல்லாத" என்று கெஞ்சியதும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வாஷரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, பெரியவன் நான்தான். சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் உன் அக்கா உட்கார்ந்துவிட்டாள். "நீங்க அவசரப்படுவீங்க. அத்தனை நாளா நீங்க சத்தமாப் படிச்சதைக் கேட்டுக்கிட்டுத்தானே தைச்சேன்? என் தம்பி கால், நான் பார்த்துக்கறேன். நீங்க பொத்தான் வைங்க" என்று சொல்லி, என்னை அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மணி நேரமாக உள்ளேதான் இருக்கிறாள். இடையில் ஒரே ஒரு முறை, "அட, அவன் எலும்பு எவ்வளவு அழகா இருக்கு!" என்று குரல் வந்தது. உன் ரிப்போர்ட்டை அவளே எழுதுவாளாம். பொத்தான் வைப்பதையும் நான் யாரிடமும் கற்கவில்லை, நாலு வைத்துவிட்டேன். ஐந்தாவதைச் சட்டையோடு என் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் கதவைத் திறந்து என்னைப் பிரித்துவிட்டால்தான் எழுந்து போய் இதைத் தபாலில் சேர்க்க முடியும்.