பதினோரு மேட்ச் ஜெயித்த மாப்பிள்ளை

நான் நியாயத்தின் பக்கம் வந்தது கையில் காசு தீர்ந்த பிறகுதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது ஒடுகத்தூரில் டூவீலர் உதிரிபாகக் கடையில் வேலை. கையில் போன். போனில் ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் நின்று ஒருவர் கோபுரத்தை ஒருவர் இடிக்கும் சண்டை விளையாட்டு. சம்பளத்தில் ஒரு பங்கைக் கொட்டி என் ஹீரோவுக்கு ஒரு வாள் வாங்கினேன். மூன்று வாரம் நான்தான் ராஜா. நான்காவது வாரம் எவனோ என்னைவிட அதிகமாகக் கொட்டி இறக்கை வாங்கிவிட்டான். ஒரே அடி, நான் காலி.

"காசு இருக்கறவன்தான் ஜெயிப்பான்னா தெறமைக்கு இன்னா மரியாத?" என்று கடையில் கொதித்தேன். (வாள் வைத்திருந்த மூன்று வாரமும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.)

உடனே நியாயமான விளையாட்டைத் தேடக் கிளம்பினேன். பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. காசு கொடுத்தால் ஹீரோவின் சட்டை மாறலாம், பலம் கூடக் கூடாது. எல்லா ஹீரோவும் விளையாடி விளையாடியே கிடைக்க வேண்டும். ஒவ்வொரு மேட்சிலும் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். போனில் எட்டு விளையாட்டை இறக்கி, அதில் ஏழினை அழித்து, ஒன்றைத் தேறியதாக அறிவித்தேன். அந்த நேரம் பார்த்துத் தலை தீபாவளி வந்தது.

மாமனாருக்கு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை. என் மச்சினி பிரியா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் சித்தப்பா பிள்ளைகள் நான்கு பேரும் ஒரு டீம். வருடா வருடம் தீபாவளிக்கு மறுநாள் போளூர் டீமோடு மோதுவார்கள். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடாக்குட்டி தரவேண்டும். இரண்டு வருடமாகக் கிடா போளூருக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவனுங்க காசு போட்டு பவர் வாங்கிடறானுங்க மாமா," என்றாள் பிரியா.

விடுவேனா? என் விளையாட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். போளூர் கேப்டனுக்குப் போன் போட்டு, இந்த முறை இதில்தான் மோதல் என்று பேசியும் முடித்தேன். அவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

பிறகு வீட்டில் ஒண்டிக்கு ஒண்டி ஒத்திகை. பிரியாவோடும் பிள்ளைகளோடும் பதினோரு மேட்ச் ஆடினேன். பதினொன்றிலும் எனக்கே வெற்றி! பிரியாவின் ஹீரோ நேராக வந்து என் முன்னால் நிற்கும், நான் வெட்டுவேன். "செம அடி மாமா!" என்பாள். சில சமயம் அவள் விரல் துடிக்கும். உடனே மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். விரல் அடங்கிவிடும். எனக்கு அதிரசம் வரும்.

காசு ஒழிந்த இடத்தில் உண்மையான திறமை தானாக மின்னும் என்று முடிவுகட்டினேன். "நாளைக்கு நானே கேப்டன்," என்றேன். பிரியாவின் முகம் சுருங்கியது. "மாப்ள சொன்னா சரிங்க," என்றார் மாமியார். பொடியன் ஒருவனை உட்காரவைத்துவிட்டு என்னைச் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மோதல். ஊரே கூடி நின்றது. நான் தனியாளாக எதிரிக் கோட்டைக்குள் நுழைந்தேன். எதிரி வந்தான். ஆனால் வழக்கம்போல் என் முன்னால் நின்று சாகவில்லை, திருப்பி அடித்தான்! எனக்கு இது புது அனுபவம். முதல் ஐந்து நிமிடத்தில் பிழைத்துப் பிழைத்து ஆறு முறை செத்தேன்.

"மாமா, பின்னாடி வாங்க!" என்று பிரியா கத்தினாள். கேப்டன் பின்வாங்குவதாவது? ஒன்பதாவது முறை செத்தபோது எங்கள் கடைசிக் கோபுரமும் சரிந்தது.

"ஏமாத்து வேல! காசு போட்டிருக்காங்க! போனக் காட்டுங்க!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

போளூர் கேப்டன் நிதானமாக ஐந்து போனையும் பெஞ்சில் பரப்பினார். ஒருவரும் ஒரு பைசா போடவில்லை. அந்தப் பத்துப் பேரில் காசு கொடுத்து எதையாவது வாங்கியிருந்த ஒரே ஆசாமி நான்தான். (என் ஹீரோவுக்கு ஒரு பொன்னிறப் பட்டு அங்கி. மாப்பிள்ளை இல்லையா?)

"வூட்ல பதினோரு மேட்ச் ஜெயிச்சேன்! இங்க மட்டும் எப்படித் தோப்பேன்?"

"யார் வூட்லண்ணே?"

"மாமியார் வூட்ல."

கேப்டன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "தலை தீபாவளியாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

நான் பிரியாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"தலை தீபாவளிக்கு வந்த மாப்ளய வூட்ல யாரும் தோக்கடிக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிச்சு மாமா," என்றாள். "போன வருஷம் வரைக்கும் அவனுங்க காசு குடுத்து ஜெயிச்சானுங்க. நீங்க தாலி கட்டி ஜெயிச்சீங்க. இதுல இன்னா நியாயம்?"

வெட்கத்தைவிட அவள் கண்ணீர்தான் சுட்டது. ஒரு வருடமாக அவள் காத்திருந்த மேட்ச் அது. மாமனார் ஆசையாக வளர்த்த கிடா, போளூர் பஸ் படியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னாலிருந்து தள்ளிவிட்டதும் நான்தான்.

அடுத்த வருடம் பிரியாவே கேப்டனாக நின்று, அதே விளையாட்டில் கிடாவை ஜெயித்து வந்தாள். எனக்கு டீமில் டீ வாங்கிவரும் பதவி. இன்றும் காய்கறிக் கடையில் நான் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்துவிட்டு வந்தால், "அந்தக்கா நீங்க யார் வூட்டு மாப்ளன்னு தெரிஞ்சுதான் குறைச்சாங்களா?" என்கிறாள் என் மனைவி.

போன தீபாவளி பிரியாவுக்குத் தலை தீபாவளி. மாமியார் பழைய சத்தியத்தை மறுபடியும் கேட்டார். "இன்னொருத்தர் பஸ் ஸ்டாண்டுல அவமானப்பட வேணாம்மா," என்று சொல்லிவிட்டு, பிரியா தன் புருஷனை ஏழு முறை வரிசையாகத் தோற்கடித்தாள்.

அவர் தொங்கிய முகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சகலை, நீங்க மட்டும் மொத வருஷமே எல்லாத்தயும் ஜெயிச்சீங்களாமே. எப்படிங்க?"

வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தது.

"எல்லாம் பயிற்சிதான் சகலை," என்றேன்.