திட்டுவதற்கு ஓர் ஆள் தேவை

"என்னை ஒரு தடவை திட்டேன். ஒரே ஒரு தடவை. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று பஞ்சு மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உங்களையா? எனக்கு வாய் வருமாங்க?" என்று அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமலே சிரித்தாள். "கூட ரெண்டு பிஸ்கட் வைக்கட்டுமா?"

பஞ்சு என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். யார் மேல் விழுந்தாலும் வலிக்காது, தானே விழுந்தாலும் சத்தம் வராது என்பதால். அவர் வேலை அகராதி தயாரிப்பது. அந்த அலுவலகத்தில் இரும்பு போல ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தை உட்கார்ந்த இடத்தில் ஜோடிக்கக் கூடாது. நிஜமான ஒரு மனிதர், நிஜமான உணர்ச்சியோடு சொன்னதைக் காதால் கேட்டு எழுத வேண்டும். எழுதுபவரின் சொந்த வாய் செல்லாது.

இத்தனை காலம் பஞ்சுவுக்குப் பரிவு, கனிவு, குழைவு என்று தேன் சொட்டும் சொற்களாகவே கிடைத்தன. இப்போது வந்திருப்பது வேறு கட்டு. மனித வெறுப்பு, காழ்ப்பு, துவேஷம், குரோதம், வன்மம். இதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தொழிலில் மன்னன். தினமும் ஏழெட்டுப் பேரோடு சண்டை போட்டு, மதியத்துக்குள் ஒரு பக்கத்தை நிரப்பிவிடுவார். போன வாரம்தான், "மனுஷங்க இருக்கிற கட்டடத்துல என்னால வேலை செய்ய முடியாது" என்று அறிவித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதுல ஒரு சொல்லுக்காவது வாக்கியம் வந்தாகணும். இல்லைன்னா நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம்" என்றார் பதிப்பாசிரியர்.

அந்த மேசையை விட்டால் பஞ்சுவுக்கு வேறு உலகம் கிடையாது. மருந்துச் சீட்டைப் படித்தால்கூட அகர வரிசையில் அடுக்கி வைக்கிற மனிதர். ஊரைச் சீண்டினால் ஏதாவதொரு சொல் எவர் வாயிலிருந்தாவது விழாமலா போகும் என்று பேனாவோடு தெருவில் இறங்கினார்.

முதல் பலி சலவைக்கடைக்காரர். "என் சட்டையைக் கருக்கிட்டே! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று பஞ்சு குரலை உயர்த்தினார். சட்டை பளபளவென்று இருந்தது. கருகல் என்பதன் நிழல்கூட அதில் இல்லை.

சலவைக்கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சுவின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"என் மேலதாண்ணே தப்பு. இனிமே உங்க துணிக்குக் காசே வாங்க மாட்டேன். நீங்க முதல்ல உட்காருங்க."

"கோபம் வரலையா உனக்கு?"

"உங்க மேலயா? ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைக்கட்டுமாண்ணே?"

அடுத்து மாடிவீட்டு முன்னாள் இன்ஸ்பெக்டர். அவர் வாயைத் திறந்தால் மூன்று தெரு தள்ளி ஜன்னல் சாத்துவார்கள். அவர் திட்டியதில் ஒரு லாரி தானாகப் பின்னால் போனதாகச் சொல்வார்கள். பஞ்சு தன் ஸ்கூட்டரை அவருடைய காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, தூணுக்குப் பின்னால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மீசை துடித்தது. நரம்பு புடைத்தது. வாயும் திறந்தது. பஞ்சு ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

கண்ணும் கண்ணும் மோதியதும் இன்ஸ்பெக்டர் வாயைப் பட்டென்று மூடிக்கொண்டார். ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளிப்போய், கைக்குட்டையால் சீட்டைத் துடைத்து, "வெயில்ல நிக்காதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

பஞ்சு கடைசி ஆயுதத்தை எடுத்தார். மனைவியின் தம்பிக்கு போன் போட்டார்.

"மாப்ளே, உன் பையன் பாட்டுக் கத்துக்கிறானே, தகர டப்பாவைத் தரையில இழுத்த மாதிரி இருக்கு!"

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "நிஜந்தான் மாமா. நான் நேர்லயே வந்து பார்க்கிறேன். நீங்க அலட்டிக்காதீங்க."

வந்தான். பழக்கூடையோடு, பெண்டாட்டியோடு, பாடுகிற பையனோடும் வந்தான். பின்னாலேயே சலவைக்கடைக்காரர் ஃப்ளாஸ்க்கோடு வந்தார், மாடியிலிருந்து இன்ஸ்பெக்டரும் இறங்கி வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பஞ்சுவின் கூடத்தில் ஊசி விழ இடமில்லை. ஒருவர் தலையணை வைத்தார், ஒருவர் விசிறினார். எதிர்வீட்டுக்காரர் கேட்காமலேயே காலைப் பிடித்துவிட்டார். பையன் பாடினான்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"மாமா, ஒரு ஆரஞ்சு உரிக்கட்டுமா?"

"தம்பி, மூச்சை இழுத்து மெதுவா விடுங்க."

பிறந்ததிலிருந்து உள்ளே தேங்கிக் கிடந்தது மொத்தமும் பஞ்சுவின் உச்சந்தலைக்கு ஏறியது. கட்டில் மேல் ஏறி நின்றார். ஆரஞ்சு மூன்று திசையில் பறந்தது.

"போங்கய்யா எல்லாரும்! மனுஷ வாடையே எனக்கு ஆகலை! ரெண்டு கால்ல நடக்கிற எதைப் பார்த்தாலும் பத்திக்கிட்டு வருது! இந்த மனுஷ ஜாதி மொத்தத்தையும் நான் வெறுக்கிறேன்!"

அருமையான வாக்கியங்கள். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம்தான் சொந்த வாய் செல்லாது என்பது ஞாபகம் வந்தது. அப்படியே கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார்.

"என்ன கம்பீரமாத் திட்டுறாரு பாருங்க" என்று எதிர்வீட்டுக்காரர் கையைத் தட்டினார்.

பஞ்சுவுக்கு அழுகை முட்டியது. "விடிஞ்சா வெள்ளிக்கிழமை. என் வேலையே போகப்போகுது. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். இவ்வளவு பண்ணியும் ஏன்யா ஒருத்தர்கூட என்னைத் திட்ட மாட்டேங்கிறீங்க?"

ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். அடுக்களையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

அடக்கி அடக்கி முகமெல்லாம் சிவந்துபோயிருந்த முன்னாள் இன்ஸ்பெக்டர்தான் கடைசியில் வெடித்தார். "அட, உங்க வீட்டம்மாதான் தம்பி வீடு வீடா ஏறி இறங்கி, 'வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டிடாதீங்க, கல்யாணமான நாள்லேருந்து என் புருஷனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது அந்தப் பாழாப்போன அகராதி, அது மேல எனக்கு அப்படி ஒரு வன்மம்'னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டுப் போனாங்க!"

பஞ்சு பேனாவைத் திறந்தார்.