பூச்சி ஒட்டாத ஏரி

பின்பக்கச் சுவருக்கு வண்ணம் அடிக்கவே கூடாது என்று ஓவியர் உறுதி பூண்டிருந்தார். ஏரியையும் வானத்தையும் வரைகிற கை, காரை பெயர்ந்த சுவரில் பட்டால் கலைக்கே இழுக்கு. இதை மனதுக்குள் மட்டும்தான் சொல்லிக்கொண்டார். மனைவியிடம் சொல்லத் தைரியம் கிடையாது.

இருவருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் இதுதான். விடுமுறை நாளில் அவர் ஏரிக்கரைக்குப் போய் வரைந்தால் சுவர்ப் பேச்சே வராது. ஏரிக்குப் போகாவிட்டால் சுவர்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனார். பிறகு வெயில் ஏறியது. போகிற வழியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற நண்பரின் கடை இருந்தது. கடையில் மின்விசிறி இருந்தது. அதன் கீழே கேரம் பலகையும் இருந்தால் மனுஷன் என்னதான் செய்வார்? ஏரிதான் மனப்பாடமாயிற்றே என்று அங்கேயே ஒரு படத்தைத் தீட்டிவிட்டு, சாயங்காலம் வரை நண்பரோடு கேரம் ஆடினார்.

வீடு திரும்பியதும் மனைவி வழக்கம்போல் கொண்டை ஊசியோடு வந்தாள். திறந்தவெளியில் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தால் ஈரத்தில் பூச்சி ஒட்டாமல் இருக்காது. அதையெல்லாம் பதமாக நோண்டி எடுப்பது அவள் வேலை.

“என்னங்க, ஒண்ணுகூட இல்ல?”

“இல்லைன்னா நல்லதுதானே?”

“ஏரிக்கரையில பூச்சி இல்லாமலா?”

“இன்னிக்கு நல்ல காத்து. அதான் வரல.”

“காத்தடிச்சா தூசியாவது ஒட்டியிருக்குமே.”

“காத்தும் கொஞ்சம் கம்மிதான்.”

“சரி,” என்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவர் உஷாராகிவிட்டார். கடையின் குழல்விளக்குக்கு அடியில் உதிர்ந்து கிடந்த பூச்சிகளைப் பொறுக்கி, வானத்தில் கொஞ்சம், தண்ணீரில் கொஞ்சம் என்று கலைநயத்தோடு ஒட்டினார். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்தை நீட்டினார்.

“இன்னிக்கு ஒரே பூச்சித் தொல்லை.”

அவள் ஊசியும் கையுமாகக் குனிந்து பார்த்தாள்.

“பாவம், எல்லாம் ரொம்ப சாதுங்க.”

“எதைச் சொல்ற?”

“பூச்சிங்களைத்தான். உயிரோட ஒட்டினா காலை உதைச்சு, சுத்திச் சுத்தி சாயத்தை இழுத்து வச்சிருக்கும். இதுங்க அசையவே இல்ல. செத்ததுக்கு அப்புறம் ஏரிக்கு வந்திருக்கும்போல.”

ஓவியர் படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

“சட்டைக் கையெல்லாம் கேரம் பவுடர். யாரு ஜெயிச்சது?”

“அவருதான்,” என்றார். அவமானத்தில் உண்மை தானாக வந்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் உச்சி வெயிலில் அவர் ஏணிமேல் நின்று பின்பக்கச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு பூச்சி வந்து ஈரத்தில் விழுந்து, காலை உதைத்து வட்டம் போட்டது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

“இப்பதாங்க வெளியில வரைஞ்ச மாதிரி இருக்கு.”