முதல் கல் குறித்த தீர்மானம்

உலகத்தில் ஒழுங்கு என்ற ஒன்று எங்கேயாவது பிழைத்திருந்தது என்றால், அது 1931ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், துரிங்கியாவின் எல்மெரோடா நகரில், 'பொன்மான்' மதுவிடுதியின் பின்னறையில்தான். எங்கள் ஜெர்மன் விழிப்புக் கட்சியின் கிளை அங்கேதான் புதன்தோறும் கூடியது. வாக்கெடுப்பு, நாடாளுமன்றம், நீதிமன்றம் மூன்றையும் ஒழிப்பது எங்கள் லட்சியம். அந்த லட்சியத்தை வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானமாக நிறைவேற்றி, முறைப்படி நீதிமன்றத்தில் பதிவும் செய்திருந்தோம்.

உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். இருபத்தொருவர் கசாப்புக்கடை ஓட்டோ ஸ்டெங்கலின் 'முஷ்டிப் பிரிவு'. அவர்களுக்கு முதலில் அடி, பிறகு பேச்சு. இருபத்தொருவர் பல் மருத்துவர் பிரெட்டோரியஸின் 'கொள்கைப் பிரிவு'. அவர்களுக்கு முதலில் பேச்சு, பிறகு அடி. மிச்சம் ஒருவன் நான். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். விதி ஒன்பதின்படி குறிப்பு எழுதுபவருக்கு வாக்கு கிடையாது. எனக்கு அது வசதி. பின்னறையில் கணப்பு எரிந்தது, என் அறையில் எரியவில்லை. நான் கட்சியில் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பரில் வந்தது நிகழ்ச்சி நிரலின் வரலாற்றுச் சிறப்புமிக்க நான்காம் பொருள்: 'சந்தைத் தெரு யூதர் லிண்டாவரின் தொப்பிக் கடைக் கண்ணாடியை உடைத்தல்.' உடைப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முதல் கல்லை எந்தப் பிரிவு எறிவது என்பதில்தான் கட்சியின் ஆன்மா சிக்கிக்கொண்டது. கல் எறிவது தோள்பட்டை வேலை, ஆகவே தங்களுடையது என்றார் ஸ்டெங்கல். அது ஒரு கருத்து வெளிப்பாடு, அதற்கு முன்னால் நாற்பது நிமிட உரை அவசியம் என்றார் டாக்டர்.

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளு கடையைச் சாத்திட்டு, வீட்டுல சூப் குடிச்சிட்டுப் படுத்திருப்பான், டாக்டர்."

"தோழர் ஸ்டெங்கல், பன்னி வெட்டுறதும் புரட்சியும் ஒண்ணு இல்ல."

"பல்லு பிடுங்குறதும்தான் இல்ல."

இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. உடனே 'கல் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அது கல்லின் எடை குறித்து இடைக்கால அறிக்கை அளித்தது. அறிக்கைக்கு ஒரு திருத்தம் வந்தது, திருத்தத்துக்கு ஓர் ஆட்சேபம் வந்தது. இப்படி ஒன்பது புதன்கிழமைகள் கழிந்தன. கண்ணாடி மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது.

வியாழன் காலைகளில் நான் லிண்டாவரின் கடைக்குப் போவேன். அவர் காபியும் பிளம் கேக்கும் வைப்பார், நான் முந்தைய நாள் நடந்ததைச் சொல்வேன். அறுபது வயதுக்காரர். ஒரு வரி விடாமல் கேட்பார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் இவங்க சண்டை தாங்கினா போதும், தம்பி. எர்ஃபுர்ட்லேர்ந்து ஒருத்தர் கடையை வாங்க வர்றார். குடுத்துட்டு ஆம்ஸ்டர்டாம்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கண்ணாடி உடைஞ்ச கடையை அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்."

அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. ஊரில் நல்ல தொப்பி வேறெங்கும் கிடைக்காது. ஆகவே இரு தலைவர்களும் பின்வாசல் வழியாக அவரிடம்தான் வந்தார்கள். ஊர்வலத்தில் முன்னால் நடப்பவருக்கு ஏற்ற தொப்பியை டாக்டர் கேட்டுப் போனதாக லிண்டாவர் ஸ்டெங்கலிடம் சொல்வார். ஸ்டெங்கல் அதைவிட இரண்டு விரல் உயரமாகக் கேட்பார். மறுவாரம் டாக்டர் மூன்று விரல் கூட்டுவார். நவம்பர் முடிவதற்குள் இருவரும் பொன்மானின் கதவில் குனிந்து நுழையும் அளவுக்குக் கொள்கை வளர்ந்துவிட்டது.

"ஆனா ரெண்டு தலையும் ஒரே அளவு, தம்பி. அம்பத்தெட்டு" என்றார் லிண்டாவர்.

டிசம்பர் முதல் வாரம் வைமாரிலிருந்து தலைமையக ஆய்வாளர் குட்ஸ்லேபன் வந்தார். தொப்பியே போடாதவர். துணைக்குழு அறிக்கையை நின்றபடியே புரட்டிவிட்டு, இந்த அறையில் எந்தப் பிரிவிலும் சேராதவன் யார் என்று கேட்டார். நாற்பத்திரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. மூன்று மாதத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

நான் எழுந்து, விதி ஒன்பதின்படி எனக்கு வாக்கு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன்.

"உன்னை யாரு வாக்குப் போடச் சொன்னா? கல்லைப் போடு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதை நானே குறிப்பில் எழுதினேன். மறுத்திருந்தால் கட்சியை விட்டு நீக்கியிருப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கணப்பு உள்ளே இருந்தது.

சனிக்கிழமை மதியம் பித்தளை வாத்தியக் குழுவோடு போனோம். டாக்டர் உரையாற்றவில்லை, ஸ்டெங்கல் தோளைச் சுழற்றவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கனவான்களாக ஒதுங்கி நின்றார்கள். இதைவிட உயர்ந்த ஒற்றுமையை நான் கண்டதில்லை. லிண்டாவர் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தொப்பியைக் கீழே வைத்தார். பிறகு முன்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஏதோ சேதி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், கதவைத் திறக்க வந்தார்.

நான் எறிந்தேன்.

எர்ஃபுர்ட்காரர் வரவில்லை. லிண்டாவர் அந்தக் குளிர்காலம் முழுவதும் பலகை அடித்த கடைக்குள் உட்கார்ந்திருந்தார். இன்றும் யாராவது கேட்டால், எங்கள் ஆள் எறியவில்லை என்று முஷ்டிப் பிரிவு சத்தியம் செய்கிறது. கொள்கைப் பிரிவும் அதே சத்தியத்தைச் செய்கிறது. இரண்டுமே உண்மைதான். அந்தக் கல்லை எறிந்தவன் எந்தப் பக்கமும் சேராதவன்.