அமெரிக்காவுக்கு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்த கதை

அமெரிக்காவுக்கு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை வெளியே சொல்லிக்கொள்ள எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதுவரை வீட்டில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடுவேன். (பால் வைத்திருக்க மாட்டேன்.)

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, முதல் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைப் போட்டு டைப் அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் தற்காலிக சூப்பர்வைசராக இருந்தேன். கீழே லேத் ஓடினால் மேலே டேபிள் நடுங்கும். உதிரி பாகங்களின் பட்டியல், மருந்துகளின் பட்டியல், ஊர்ப் பெயர்களின் பட்டியல் என்று எல்லாம் பட்டியல்கள்தான். எனக்குப் பட்டியல் என்றால் உயிர். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து காலையில் கிளம்பும்போதே அன்றைய வேலைகளை எண் போட்டு எழுதிக்கொள்வேன். எழுதாத வேலை ஒன்றைச் செய்துவிட்டால், அதையும் கீழே சேர்த்து எழுதி டிக் அடித்த பிறகுதான் மனசு ஆறும்.

அந்த வேலை ஆறு மாதத்தில் நிரந்தரம் ஆக வேண்டும். அது அப்பா வைத்த கெடு. அப்பா பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் ஃபிட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். மாடியில் உட்கார்ந்து டைப் அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்பது அவருடைய சந்தேகம். ஆறு மாதத்துக்குள் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரவில்லை என்றால், மறுபேச்சில்லாமல் டீச்சர் டிரெய்னிங் சேர்ந்துவிட வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல் விண்ணப்ப ஃபாரமும் வாங்கி வந்துவிட்டார். எனக்குக் குழந்தைகள் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வரிசை மாறிவிடும். அதைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை.

ஐந்தாவது மாதத்தில் எங்கள் முதலாளி சபாபதி சார் ஒரு பெரிய பார்சலோடு மாடியேறி வந்தார். கம்பெனியின் முதல் வெளிநாட்டு வேலை. அமெரிக்காவில் ஒரு வயதான அம்மாள் தன் கொள்ளுப்பாட்டி எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறாராம். நூறு வருஷத்துக்கும் முன்னால், மேற்கே வெறும் புல்வெளியில் குடியேறிய ஹன்னா என்கிற பெண், கிழக்கே ஊரில் விட்டுவந்த தங்கைக்கு எழுதியவை. கடிதங்களின் ஜெராக்ஸை நாங்கள் டைப் அடித்து ஃபிளாப்பியில் அனுப்ப வேண்டும். இது சரியாகப் போனால் என் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதாகவும், போகாவிட்டால் அடுத்த மாதம் சூப்பர்வைசர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளத் தன்னால் முடியாது என்றும் சார் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எனக்குத்தான் இரண்டாவது மட்டும் சத்தமாகக் கேட்டது.

பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தேன். புரிந்துகொள்ள முயல வேண்டாம், எழுத்தை மட்டும் பாருங்கள் என்று விதி எண் ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த விதி மதியச் சாப்பாடு வரைதான் தாங்கியது. டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆளுக்கு ஒரு துண்டாக ஹன்னாவின் வாழ்க்கையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். புல்லோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு. விறகுக்கு மரமே இல்லாததால், வெளியில் காய்ந்து கிடக்கும் சாணியைப் பொறுக்கிவந்து அடுப்பெரிப்பது. முட்டை கொடுத்துக் காப்பிக்கொட்டை வாங்குவது. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து, பயிர் தீர்ந்ததும் கொடியில் காய்ந்த பாவாடையைத் தின்றது.

"அமெரிக்காவுலயும் சாணிதானாக்கா? நம்ம ஊடு தேவலபோல கீதே" என்றாள் நெமிலிச்சேரி தேவி. அவள்தான் எங்களில் வேகமான கை. ஒருத்திக்குப் போன கடிதங்களில் ஹன்னாவின் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று இருந்தது. இன்னொருத்தியின் கடிதங்களில் அந்த மாடு செத்துப்போயிருந்தது. அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் தேவி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இடமிருந்து வலமாக வரி வரியாக எழுத்து. அதன் மேலேயே, மேலிருந்து கீழாக இன்னொரு எழுத்து. பார்த்தால் கோலமாவு கொட்டின மாதிரி இருந்தது. இப்படி முப்பத்தெட்டுப் பக்கங்கள்.

"ரெண்டு படத்த ஒரே திரையில ஓட்டுன மாதிரி கீதுக்கா. ஆனா ரெண்டும் ஒரே கையெழுத்து, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. எனக்கு வேறொன்று புலப்பட்டுவிட்டது. (டிப்ளமோ, முதல் வகுப்பு.) ஒரு முறை நகல் எடுத்த தாளைத் தெரியாமல் மறுபடியும் மெஷினுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று பதிந்துவிட்டது. தவறு அவர்கள் பக்கம். இதில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. உடனே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் தயாரித்தேன். முப்பத்தெட்டுப் பக்கங்களின் எண்களையும் வரிசைப்படுத்தி, இவற்றைப் புதிதாக நகல் எடுத்துப் பத்து நாளுக்குள் அனுப்புமாறும், தாமதத்துக்கு எங்கள் கம்பெனி பொறுப்பல்ல என்றும் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். 'தங்கள் வசதிக்காக' என்று தலைப்பிட்டு இதையும் சேர்த்தேன்:

1. கண்ணாடியின் மேல் ஒரு நேரத்தில் ஒரு தாளை மட்டும் வைக்கவும்.
2. நகல் எடுத்த தாளை மறுபடி டிரேயில் வைக்க வேண்டாம்.
3. மூடியை மூடவும்.
4. வெளியே வந்த நகலைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்பவும்.

நான்காவதன் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

சார் அப்போது கீழே பட்டறைக்காரரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாகச் சண்டையில் இருந்தார். படிக்கட்டிலேயே வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஃபேக்ஸ் கொடுத்தேன். பூத்துக்காரர் தாள் மெஷினுக்குள் போகும்போது முழுக்கப் படித்துவிட்டு, "அவங்களுக்கே கிளாஸ் எடுக்கிறியாம்மா" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மறந்தால் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஜபல்பூரில் இருக்கும் சித்திக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா பூந்தமல்லிக்காரி. படிப்பு எட்டாவது. இங்கிலீஷில் எழுத்து தெரியும், அவ்வளவுதான். நான் பையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டி, அமெரிக்காக்காரர்களின் கவனக்குறைவைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். (ஆபீஸ் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது விதி எண் ஐந்து. எழுதியது நான்.)

அம்மா தாளை வாங்கினாள். கால்வாசி திருப்பினாள். மறுபடி நேராக்கினாள்.

"மிஷின்மேல இன்னாத்துக்குப் பழி போடற? எடம் பத்தல. திருப்பி எழுதிகீறா."

"அப்படி யாராவது எழுதுவாங்களாம்மா?"

"நான் எழுதல?" என்று தன் இன்லேண்டைக் காட்டினாள். நடுவில் நேரான வரிகள். ஓரத்திலும், ஒட்டுகிற மடிப்பிலும், தாளைத் திருப்பிவைத்துக் குறுக்கே பொடிப்பொடியாக எழுத்து. "நேரா எழுதறது உங்கப்பாவுக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி வாங்கிப் படிப்பாரு இல்ல? குறுக்கால எழுதறது தங்கச்சிக்கு. திருப்பிப் படிக்கிற பொறுமை இந்த மனுஷனுக்கு ஏது? விஷயம் எப்பவும் குறுக்கால எழுதறதுலதான்டி இருக்கும்."

அம்மா இன்லேண்டை இழுத்துக்கொள்வதற்குள் ஓரத்து வரி என் கண்ணில் பட்டுவிட்டது. 'இவளுக்கு டீச்சர் ஃபாரம் வாங்கியாந்து வெச்சிட்டார். அரிசி டின்னுக்கு அடியில தள்ளிட்டேன். வீடெல்லாம் தேடிகினு கீறார்.'

இரண்டு வாரமாக அப்பா எதைத் தேடுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு சந்து வெட்டினேன். ஹன்னாவின் தாளைத் திருப்பி, அட்டையை அதன் மேல் வைத்தேன். நேர் எழுத்து மறைந்தது. குறுக்கு எழுத்து தெளிவாக எழுந்து வந்தது. நேரே 'எல்லோரும் நலம், வீடு கதகதப்பாக இருக்கிறது' என்று எழுதிய அதே ஹன்னா, குறுக்கே வேறு பெண்ணாக இருந்தாள். மழை பெய்தால் கூரை மண் கரைந்து சூப்பில் விழுகிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. போன வாரம் கூரையிலிருந்து கட்டிலின் மேல் பாம்பு விழுந்தது. இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்த்து இரண்டு மாதமாகிறது. அம்மாவிடம் சொல்லாதே. என் வீட்டுக்காரர் தாமஸ் இதைப் பார்க்கமாட்டார், குறுக்கு எழுத்தைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

கடைசி வரியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எங்க இருந்தா இன்னா" என்று சொல்லிவிட்டு இன்லேண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் எனக்கு ஃபேக்ஸ் ஞாபகம் வந்தது. மூடியை மூடவும்.

மறுநாள் சார் வரும்வரை காத்திருந்து, நடந்ததை ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னேன். ஃபேக்ஸின் நகலையும் கொடுத்தேன். அவர் முதல் முறையாக அதைப் படித்தார். நான்காவதில் ரொம்ப நேரம் நின்றார்.

"கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது சார்."

"படிச்சிட்டா போட்டேன்?"

"இல்ல சார்."

"அப்ப உன்னை மட்டும் திட்ட முடியாது. அதுதான் எனக்கு வருத்தம்" என்றார். பிறகு, பதில் எப்படி வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்றார். எல்லாம் என்றால் என் ஆர்டர். மறுபடி மன்னிப்புக் கேட்டு ஒரு ஃபேக்ஸ் அனுப்பட்டுமா என்றேன். நான் இனிமேல் எதையும் அனுப்பாமல் இருப்பதே கம்பெனிக்குச் செய்கிற உதவி என்றார்.

அடுத்த நான்கு நாட்கள் தேவியும் நானும் அட்டையும் சந்துமாக அந்த முப்பத்தெட்டுப் பக்கங்களையும் அடித்தோம். "ஒரே கையெழுத்துன்னு நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்று தேவி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்டாள். அது அவள் பெருந்தன்மை. நான் அடித்தபடியே, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போக எத்தனை காட்டன் புடவை வேண்டும் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. பூத்துக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். (படித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.) சார் நின்றபடியே படித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

பிறகு தாளை என்னிடம் நீட்டினார். அந்த அம்மாள் எழுதியிருந்தார். எங்கள் கடிதம் கிடைத்ததும், மெஷினும் சேர்ந்து ஏதாவது செய்துவிட்டதோ என்று தனக்கும் சந்தேகம் வந்து, மூலக் கடிதங்களை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். தவறு மெஷினுடையது அல்ல, ஹன்னாவின் தபால் சிக்கனம் என்றார். குறுக்கு எழுத்தைக் குடும்பத்தில் இதுவரை யாரும் படித்து முடித்ததில்லை. தன் கண்ணுக்கும் அது எட்டவில்லை. அதை அடித்துத் தாருங்கள் என்று கேட்கவே தயங்கி, நேர் வரிகள் மட்டும் போதும் என்று இருந்துவிட்டார். நீங்களாக அந்தப் பக்கங்களைப் பற்றிக் கேட்டதால் இப்போது கேட்கிறேன், முடியுமா என்றிருந்தது. கடைசியில், ஊர் நூலகத்து ஜெராக்ஸ் மெஷினுக்கு மேல் என்னுடைய நான்கு விதிகளையும் ஒட்டிவிட்டதாகவும், அங்கே யாருமே மூடியை மூடுவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

"முடியுமான்னு கேக்கிறாங்க" என்றார் சார்.

"முடிச்சாச்சு சார்" என்று தேவிதான் சொன்னாள்.

ஃபிளாப்பி அன்றைக்கே கூரியரில் போனது. ஆர்டர் அடுத்த வாரம் கைக்கு வந்தது. அதை அப்பா வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, சரி என்றார். அன்று சாப்பாட்டில் பாயசம். வந்த நிம்மதியில் நான் நடந்த கதை முழுவதையும் அப்பாவுக்குச் சொன்னேன். விளக்கமாகச் சொல்வது என் வழக்கம். எனவே ஹன்னா எதை நேரே எழுதினாள், எதைக் குறுக்கே எழுதினாள், அதை அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள், எந்த உதாரணத்தைக் காட்டி விளக்கினாள், அதன் ஓரத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா கரண்டியால் இலையோரம் தட்டினாள். எனக்குப் புரியவில்லை. அப்பா பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், அரிசி டின்னை நகர்த்தினார்.

ஃபாரத்தோடு வந்து உட்கார்ந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "கடைசித் தேதி முடிஞ்சி போச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு அதை நான்காக மடித்து, ஆடுகிற அலமாரியின் காலுக்கு அண்டைகொடுத்துவிட்டுப் பாயசத்தை முடித்தார்.

அன்றிலிருந்து அப்பா இன்லேண்டை ஒட்டுவதற்கு முன் கால்வாசி திருப்பியும் படிக்கிறார். எனவே அம்மா இப்போது மூலைக்கு மூலை சாய்வாக எழுதுகிறாள். தன் கழுத்து சுளுக்கிக்கொண்டதற்கு நாங்கள்தான் காரணம் என்று ஜபல்பூரிலிருந்து சித்தி எழுதினாள். எங்கள் வீட்டில் யாராவது நலம், எல்லாம் நலம் என்று நேராகப் பேச ஆரம்பித்தால், என் தம்பி தலையைச் சாய்த்துக்கொண்டு, "சரி, குறுக்கால இன்னா?" என்று கேட்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போயிருந்தபோது, டேபிளின் மேல் அம்மாவின் இன்லேண்ட் ஒட்டாமல் கிடந்தது. தாள் முழுக்கச் சாய்வு எழுத்து. எழுத இடமே மிச்சமில்லை. ஒரே ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்தில், அதே சாய்வில், அப்பாவின் கையெழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது: 'படிச்சிட்டேன்.'