ஆறுது மாமுவும் அண்ணாச்சியின் ஜீப்பும்

உலகத்தில் நடக்கும் எல்லாக் கெடுதல்களுக்கும் போல்ட்டும் நட்டும்தான் காரணம் என்று நம்புகிற ஒரே மனிதரை எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி பிரிந்தாலும், கூட்டணி ஆட்சி கவிழ்ந்தாலும், தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “போல்ட்டு போட்டு முடுக்கிகிறானுங்க. ரிவிட்டு அடிச்சிருந்தா நிக்கும்.”

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை, அதுதான் வீடு. பழைய ஜீப், லாரிகளின் சேஸில், அதாவது வண்டியின் மொத்த பாரத்தையும் சுமக்கும் அடிச்சட்டத்தில், தேய்ந்த ரிவிட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதியது அடிப்பது தொழில். உலையில் சிவக்கக் காய்ச்சிய ரிவிட்டை ஓட்டையில் செருகி, ஒருவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க, இன்னொருவர் சுத்தியலால் அடிக்க வேண்டும். சிவப்பு மங்குவதற்குள் அடிபட்ட முனை குமிழாக உருண்டுவிட வேண்டும். ஆகவே நாள் முழுக்க அவர் வாயில் “ஆறுது, ஆறுது!” என்ற கூச்சல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் ஆறுது மாமு.

பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. காலடிப்பேட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கையில் தாலி, ஐயர் மந்திரத்தை ஜவ்வாக இழுக்கிறார். முதல் வரிசையிலிருந்து மாமு எழுந்து, “ஆறுது சாமி, ஆறுது!” என்று கத்தினார். மாப்பிள்ளை பதறிப்போய், மேளம் கொட்டுவதற்குள் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டான்.

“பேஜாரு பண்ட்டியே மாமு!” என்று பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார்.

“இன்னா பேஜாரு? கெட்டியா புட்ச்சிகிச்சா இல்லியா, அத்தப் பாரு.”

அந்த ஜோடி இன்னும் ஒற்றுமையாக இருக்கிறது. அந்தப் பெருமையை மாமு யாருக்கும் பங்கு தருவதில்லை.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். எண்ணூர் அனல் மின்நிலையத்தில் சாம்பல் அள்ளினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் வந்தேன். படுக்க இடம் கேட்டுத்தான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மாமு என் தோளில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “முட்டு குடுக்க ஆவும்” என்றார். நேர்காணல் முடிந்தது.

அப்போது வந்ததுதான் அண்ணாச்சியின் ஜீப். தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். அவருடைய மகள் கார் ஓட்டக் கற்றது அந்தப் பழைய பட்டாள ஜீப்பில். கல்யாணத்தன்று அதைத் தானே ஓட்டிக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போவேன் என்று பிடிவாதம். எஞ்சினும் பாடியும் வண்ணாரப்பேட்டையில் தயார். சேஸ் வியாழக்கிழமை லாரியில் ஏறினால்தான் ஜீப் கல்யாணத்துக்கு எழும். தப்பினால் இல்லை.

“போல்ட்டு போட்டா சட்டுனு முடிஞ்சிரும்னு எல்லாரும் சொல்லுதாவ வே” என்றார் அண்ணாச்சி.

“அப்ப எல்லார்கிட்டயும் போ அண்ணாச்சி. உம் பொண்ணு குந்தினு போற வண்டி. ஆட ஆட போல்ட்டு லூசாவும். ரிவிட்டு சூட்டோட பூந்து ஓட்டைய ரொப்பி, ஆறச்சொல்ல ரெண்டு தகட்டையும் கவ்விக்கும். அப்பால அது ரிவிட்டு இல்ல, எலும்பு.”

அண்ணாச்சி முன்பணத்தை எண்ணி வைத்தார்.

கொட்டகை நடுவில் கூரையைத் தாங்கி ஒரு பழைய தண்டவாளம் கம்பமாக நின்றது. முட்டுக் கொடுக்க மாமுவுக்கு அதுதான் துணை. சேஸின் இரண்டு நீளச் சட்டங்களும் கம்பத்தின் இருபுறமும் வருமாறு கிடத்தி, கம்பத்துக்கும் ரிவிட்டுக்கும் நடுவில் ஜாக்கியை இறுக்கினால் மலை மாதிரி நிற்கும். ஒரு பக்கம் திறந்திருக்கும்வரை சேஸை உருவி எடுத்துவிடலாம். ஆகவே இரண்டு நீளச் சட்டங்களையும் இணைத்து அந்தப் பக்கத்தை மூடும் கடைசிக் குறுக்குச் சட்டத்தை மட்டும் எப்போதும் வெளியே இழுத்து வந்துதான் அடிப்போம்.

அண்ணாச்சி ஜீப்பில் ஒவ்வொரு ரிவிட்டும் சொன்னபடி கேட்டது. மாமுவுக்கு வெறி ஏறிவிட்டது. “ஆறுது, குட்றா! ஆறுது, குட்றா!” கடைசிச் சட்டத்தையும் நின்ற இடத்திலேயே அடித்து முடித்துவிட்டு, “கல்லு மாரி கீது” என்று டீ சொன்னார்.

லாரியும் அண்ணாச்சியும் வந்தார்கள். டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“சேஸ் எங்க நைனா?”

“கண்ணு அவிஞ்சிச்சா? தோ கீது.”

“கீது. நடுவுல கம்பம் இன்னாத்துக்கு கீது?”

மாமு டீ கிளாஸைக் கீழே வைத்தார். டிரைவரே தொடர்ந்தான். “வடைய கோல்ல கோத்தா மாரி கோத்து வெச்சிகிறியே நைனா!”

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். “கடைசிச் சட்டத்த வெட்டிரும் வே. வெளிய எடுத்துப் போல்ட்டப் போட்டு முடுக்கிரும். எம் மவ ஆசப்பட்டுட்டா.”

மீண்டும் ரிவிட்டு அடிக்க நேரமில்லை. லாரி நிற்காது. மாமு சேஸை ஒரு சுற்றுச் சுற்றினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். ஐப்பசி மாதம், எண்ணூர்ப் பக்கம் வானம் கருத்திருந்தது.

“டேய், கேஸ் கட்டர எட்த்தா.”

“எந்த ரிவிட்ட மாமு வெட்டணும்?”

“ரிவிட்ட எவன்டா வெட்டச் சொன்னான்? கம்பத்த வெட்டு.”

“கூர?”

“சவுக்குக் கழி முட்டு குடு.”

“தாங்காது மாமு.”

“தாங்காதுனு எனக்குத் தெர்யாதா? சேஸ தூக்குற வரிக்கும் தாங்குனா போதும்.”

சேஸுக்குச் சற்று மேலே கம்பத்தை வெட்டினேன். மார்க்கெட் லோடுமேன்கள் வந்து சேர்ந்து தூக்கினார்கள். தலைக்கு மேல் சவுக்குக் கழிகள் முனகின. காய்ச்சிய ரிவிட்டு ஒன்றுகூட இல்லாத பட்டறையில் மாமு, “ஆறுது! ஆறுது!” என்று அலறினார். ஓடினோம். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும், களைத்த எருமை குட்டையில் உட்காருவதுபோல, கூரை அவசரப்படாமல் உட்கார்ந்தது.

மாமு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரியில் ஏறி சேஸின் ரிவிட்டு ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒம்ம வீடு போச்சே வே” என்றார் அண்ணாச்சி.

“அத்த நான் கட்டல அண்ணாச்சி. முன்னாடி இருந்தவன் கட்னது. எல்லாம் போல்ட்டு.”

அந்தப் பெண் ஜீப்பை ஓட்டிக்கொண்டே சர்ச்சுக்குப் போனாள். மாமு சலவைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரியாணிக்கு உட்கார்ந்தார். அண்ணாச்சி புதுத் தகரம் அனுப்பினார். கூடவே வந்த போல்ட்டுகளை மாமு அதே வண்டியில் திருப்பி அனுப்பினார். கூரை முழுக்க ரிவிட்டுதானாம்.

எனக்கு அப்போது தூத்துக்குடி போகிற லாரியில் இடம் கிடைத்திருந்தது. முட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமே, கூரை ஏறும்வரை இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

கூரை ஏறி ரொம்ப காலம் ஆகிறது. முட்டு இன்னும் நான்தான்.